மந்தையில் தீர்ந்த வழக்கு

எங்கள் வைக்கோல் படப்பில் தீ வைத்தது என் கொழுந்தன்தான். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. வீண்பழி சுமந்த ஒருவனின் கதையாக இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கேட்கிறவர்களும் அவன் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். அவன் செய்தான். அவன் செய்ததால் எங்கள் உழவு மாடுகள் இரண்டும் செத்தன.

நான் பசுமலையில் பிறந்தவள். அப்பா அங்கே ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அந்தப் புண்ணியத்தில் ஐந்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி வந்தது மதுரைக்கு வடக்கே, வாசலில் நின்றால் அழகர்மலை நேராகத் தெரிகிற ஓர் ஊருக்கு. எங்கள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். என் வீட்டுக்காரரும் அவனும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அவன் என்னை மதினி என்பான். அவன் மனைவி, என் ஓரகத்தி, என்னை அக்கா என்பாள். எனக்கு ஒரு மகன், அவர்களுக்கு ஒரு மகள். ஒரே வயது. எந்த வீட்டில் முதலில் உலை இறங்குகிறதோ அங்கே இரண்டும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்.

இரண்டு வயலுக்கும் நடுவரப்பில் ஒரு புளியமரம் நின்றது. பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு என்று பெரியவர்கள் காலத்திலேயே பேச்சு. அந்த வருஷம் என் வீட்டுக்காரர் ஆள் வைத்து மொத்த மரத்தையும் உலுக்கி, புளியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொழுந்தன் வாசலில் வந்து நின்று கேட்டான். இவர் கட்டிலை விட்டு எழுந்திருக்காமலேயே, "போன வருசம் நீ உலுக்கலையா?" என்றார். அவன் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். அவன் திரும்பிப் போய்விட்டான்.

அது நடந்து சில நாளில், பங்குனி மாத உச்சி வெயிலில், படப்பு பற்றிக்கொண்டது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். புகையைப் பார்த்து ஓடியபோது காற்று திரும்பி, தீ தொழுவத்துக் கூரையைப் பிடித்துவிட்டது. மாடுகள் உள்ளே நின்றன. அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாசல் பக்கம் நின்ற மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டேன். உள்பக்கம் கட்டியிருந்த மாட்டுக்குப் பக்கத்தில் போகவே முடியவில்லை. கூரை என் கைகளின் மேல் சரிந்தது. யாரோ என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இழுத்தது கொழுந்தன்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த மாடு கத்தியது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

வெளியே வந்த மாடும் பிழைக்கவில்லை. முதுகெல்லாம் வெந்து, ஈ மொய்த்து, படுத்தது எழவில்லை. அதையும் புதைத்தோம். என் கைகளில் தேங்காயெண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் அடித்துப் பூசி, வாழைக் குருத்தைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு குவளையைத் தூக்க முடியாது. என் மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியது ஓரகத்தி. அவளுக்கு அப்போதே தெரியுமோ என்னவோ. ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் கண்ணீர் விட்டாள்.

ஆடு மேய்த்த ஒரு பெண் அவன் எங்கள் படப்புக்குப் பின்னால் போனதைப் பார்த்திருக்கிறாள். பேச்சு பரவி, ஊர்ப் பொதுவிடமான மந்தையில் எல்லாரையும் கூடச் சொல்லிவிட்டார்கள். போலீஸுக்குப் போகும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஸ்டேஷன்காரன் வந்தால் திருடனோடு சேர்த்துத் திருட்டுக் கொடுத்தவனையும் படுத்திவிட்டுப் போவான் என்ற பயம். எதுவானாலும் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் முன்னால்தான் தீரும்.

மந்தை வேப்பமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் தள்ளி, கோயில் சுவரை ஒட்டி நின்றோம். அம்பலக்காரர் நேராகவே கேட்டார்.

"வச்சியா, இல்லையாப்பா?"

"வச்சேன்" என்றான் கொழுந்தன்.

மறுப்பான், சாட்சி கூப்பிடலாம், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லலாம் என்று தயாராக வந்தவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

"படப்புக்குத்தான் வச்சேன்யா. மாடு மேச்சலுக்குப் போயிருக்கும்னு நெனச்சுப்புட்டேன். தொழுவுல நிக்கும்னு தெரியாது. மதினி உள்ள போகும்னு தெரியாது."

"சரி. தெரியாதுன்னா ஆச்சா? ரெண்டு உசுரு போயிருக்கு. அதுக்கு என்ன சொல்ற?"

அவன் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "எங்கிட்ட ஒரு சோடி மாடு இருக்கு. அத வச்சு மொதல்ல அண்ணன் நெலத்த உழுதுர்றேன். பெறகு என்னுது. அண்ணன் வேற சோடி புடிக்கிற வரைக்கும் எம்புட்டு வருசம் ஆனாலும் நாந்தான் உழுவேன். எரிஞ்ச வைக்கலுக்கு என் படப்பு அம்புட்டையும் எடுத்துக்கிறட்டும். தொழுவையும் நானே கட்டித் தாரேன்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடியில் உழவு நடக்கும், நாற்று நடலாம், பிள்ளை பட்டினி கிடக்க மாட்டான். செத்த மாடு வராது. ஆனால் அதற்கு அடுத்தபடியாக ஒருவன் என்ன கொடுக்க முடியுமோ அதை அவன் கொடுத்துவிட்டான். இவ்வளவுதான் நியாயம் என்று என் மனதுக்குப் பட்டது. இன்றைக்கும் அதைவிடப் பெரிய நியாயம் ஒன்று எனக்குத் தெரியாது.

அப்போது கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒருவன் சொன்னான். "தீய வச்சுப்புட்டு உழுது குடுத்தாச் சரியாப் போச்சா? நல்லா இருக்கே மாப்ள இந்தக் கணக்கு!"

"நாளைக்கு ஆளாளுக்கு வைப்பான்" என்றான் இன்னொருவன்.

"கழுதையில ஏத்துங்கப்பா!"

யார் அதை முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் மந்தை முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. அதுவரை கோபமாகத்தான் இருந்தார்கள். கோபத்தோடு இருந்த முகங்கள் ஒரு நொடியில் திருவிழா முகங்களாகிவிட்டன. அந்த ஊரில் கழுதையில் ஏற்றி வருஷக்கணக்காகியிருந்தது. இளவட்டங்கள் பலர் பார்த்ததேயில்லை. பார்த்தவர்கள் அவர்களுக்கு விவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாதி மீசை எடுப்பது எப்படி, புள்ளி குத்துவது எப்படி என்று.

அம்பலக்காரர் கெட்டவர் இல்லை. அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். சந்தையில் எந்தச் சரக்கைக் கேட்கிறார்கள் என்று பார்க்கிற வியாபாரியின் பார்வை அது. பார்த்ததும் அவர் முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் இருந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

"ஐயா, எங்களுக்கு உழவு நடந்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"பொம்பளை பேசுற எடமாத்தா இது?" என்றார் அவர். கோபமாக இல்லை, பிள்ளையைக் கண்டிப்பதுபோல. பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீ சொல்லப்பா. பாதிக்கப்பட்டவன் நீதான். உழவு போதுமா?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் இவர் வாயைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஊரு சொல்றதுதான் எனக்கும்" என்றார்.

மறுநாளே செய்திருந்தால் எங்கள் ஊரோடு போயிருக்கும். எங்கள் வண்ணார் வீட்டுக் கழுதை நிறைசினையாக இருந்ததால் பக்கத்து ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் செய்தி சுற்றுப்பட்டி எல்லாம் போய்விட்டது. அன்றைக்குக் காலையிலேயே ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். சித்திரைக்கு அழகரைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி கட்டுச்சோற்றோடு வந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் வந்தார்கள். முறுக்குத் தட்டு வந்தது. பதநீர் விற்கிறவன் வேப்பமரத்தடியில் பானையை இறக்கினான். எங்கள் தெருவில் விருந்தாளி வராத வீடே இல்லை. கொழுந்தன் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

முதலில் தப்பு மேளத்தின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் குழந்தைகள் நிற்குமா? என் மகனும் கொழுந்தன் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓரகத்தி மகளைக் கதவுக்குள் போட்டு வைத்திருந்தாள்தான். எந்தச் சந்தில் நழுவியதோ தெரியவில்லை. கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வந்தவனுக்குப் பாதித் தலை மழித்திருந்தது. மீசையில் ஒரு பக்கம் இல்லை. முகமெல்லாம் கரியும் செம்மண்ணும் சுண்ணாம்புமாகப் புள்ளி. கழுத்தில் எருக்கம்பூ மாலை, அதற்குக் கீழே பழைய செருப்பு. பார்த்ததும் அந்தப் பெண்குழந்தை கையைத் தட்டிச் சிரித்தது. என் கண்ணால் பார்த்தேன். மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து குதித்தது. கழுதை பக்கத்தில் வந்து, மேலே இருந்தவன் குனிந்து அதன் பெயரைச் சொன்ன பிறகுதான் அது நின்றது. அழவில்லை. தட்டிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றது. பக்கத்திலிருந்த ஒருவன் அந்த முகத்தைப் பார்த்து இன்னும் உரக்கச் சிரித்தான்.

வழக்கப்படி ஊர்வலம் எங்கள் வாசலில் நின்றது. பாதிக்கப்பட்ட வீட்டுப் பொம்பளை ஒரு குடம் சாணித் தண்ணீரை அவன் தலையில் ஊற்ற வேண்டும். குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள்.

"ஊத்தாத்தா! உன் வயிறு எரிஞ்சது அணையட்டும்!"

நான் வாழைக் குருத்து சுற்றிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். கை நன்றாக இருந்திருந்தாலும் ஊற்றியிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதை யார் கண்டது? கழுதைமேல் இருந்தவன் என் கைகளைப் பார்த்தான்.

"மதினி, கை எப்படி இருக்கு?" என்றான்.

உண்மையாகத்தான் கேட்டான். தீ நடந்த நாளிலிருந்து அவன் என்னிடம் நேராகப் பேசியிருக்கவில்லை. அவனுக்கு அதைக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கோலத்தில், கழுதைமேல் இருந்துகொண்டு ஒருவன் நலம் விசாரித்தால் எப்படி இருக்கும்? தெருவே வெடித்துச் சிரித்தது. தப்படித்தவன் அடியை நிறுத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மதினி, கை எப்படி இருக்கு" என்பதைப் பத்துப் பேர் ராகமாகச் சொன்னார்கள். "உனக்குப் பதிலா நான் ஊத்துறேன் அக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி குடத்தைத் தூக்கிவிட்டாள். என் பெயரால் ஊற்றினாள்.

அன்று என் வீட்டுக்காரர் மாடு செத்த பிறகு முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்டார். வந்தவர்கள் எல்லாம் இவர் தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"போன மானம் திரும்பி வந்துருச்சு" என்றார்.

"மாடு?" என்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கொழுந்தன் தலைமயிர் ஒன்றுபோல வளரும்வரைகூட ஊரில் இருக்கவில்லை. கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு போய்விட்டான். போகும்முன் மாட்டுச் சோடியைத் தரகனிடம் கொடுத்துவிட்டான். ஆடி பிறந்து மழை பெய்தபோது சுவருக்கு இந்தப் பக்கமும் மாடு இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. என் வீட்டுக்காரர் தோளைத் தட்டியவர்களிடமெல்லாம் போய் இரவல் மாடு கேட்டார். "எங்க உழவு முடியட்டும்ணே, வாரேன்" என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மழை ஈரம் யாருக்கும் காத்திருக்காது. அவரவர் உழவு முடிந்தபோது எங்கள் மண் இறுகிவிட்டது.

அந்தப் போகத்தில் நாங்கள் மண்வெட்டியால் கொத்திக் கொஞ்சம் வரகு விதைத்தோம். புளியமரத்து வரப்புக்கு இந்தப் பக்கம் தோல் உரிந்து வளர்ந்த கைகளோடு நான். அந்தப் பக்கம் ஓரகத்தி. ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. நாள் முழுக்க இரண்டு மண்வெட்டியின் சத்தம் மட்டும் கேட்கும். அவள் அக்கா என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

குழந்தைகளுக்கு மட்டும் சுவர் எழும்பவில்லை. அடுத்த சித்திரையில் நான் மகனைக் கூட்டிக்கொண்டு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்கு நடந்தபோது, அந்தப் பெண்ணும் கூட வந்தது. ஓரகத்தி வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. அழகர் இறங்கி முடிந்த பிறகு காலை வெயிலில் வைகை மணலெல்லாம் கூட்டம். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள், பொரிகடலைக் கடைகள். ஓரிடத்தில் குரங்காட்டி ஒருவன் வட்டம் கட்டியிருந்தான். குழந்தைகள் இழுத்ததால் போய் நின்றேன்.

குரங்கை ஓர் ஆட்டின்மேல் பின்பக்கமாக உட்கார வைத்திருந்தான். அதன் முகத்தில் செம்மண் புள்ளி. கழுத்தில் ஒரு பிள்ளைச் செருப்பு. "படப்புல தீய வச்ச பய வாரான் பாருங்க! மதினிகிட்ட என்னடா கேட்ட?" என்று கோலைத் தட்டினான். குரங்கு தன் இரண்டு கைகளையும் நீட்டி, தடவித் தடவிக் காட்டியது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எங்கள் வாசலில் நடந்தது அவன் காதுவரை எப்படிப் போனது? அன்று வந்த கூட்டத்தில் அவனும் இருந்திருக்கலாம். "அம்மா, இது சித்தப்பாதானே?" என்று என் மகன் கத்தினான். நாலு பேர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பெண் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வரும் வழியெல்லாம் அது முகத்தை வெளியே எடுக்கவில்லை. தூக்கிக்கொண்டே நடந்தேன்.

யுத்த காலத்தில், அரிசிக்கு வரிசை நிற்கத் தொடங்கிய சமயத்தில், கொழுந்தன் திரும்பி வந்தான். மலைக் காய்ச்சல் தின்ற உடம்பு. ஊர் எல்லையிலேயே ஒரு பொடியன் கழுதைபோலக் கத்தினான். அவன் போகும்போது அந்தப் பொடியன் பிறந்திருக்கவே மாட்டான். கொழுந்தன் நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தோம். அவன் கழுத்தை நீட்டி, பதிலுக்கு ஒரு கத்துக் கத்தினான். அசல் கழுதை தோற்றுவிடும். மந்தையே சிரித்தது. பல வருஷத்துக்குப் பிறகு ஊர் அவனைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தது.

அதன்பிறகு அதுவே அவன் பிழைப்பாயிற்று. டீக்கடை பெஞ்சில் யாராவது, "அண்ணே, ஒருக்கா கத்துங்க" என்பார்கள். கத்துவான். ஒரு டீ கிடைக்கும், ஒரு வடை கிடைக்கும். வெளியூர் மாப்பிள்ளை வந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள். கேட்டால் பின்பக்கமாகத் திண்டில் உட்கார்ந்தும் காட்டுவான். "மதினி, கை எப்படி இருக்கு?" என்றும் சொல்வான். அதைச் சொல்லும்போது தெருவில் நான் தண்ணீர்க் குடத்தோடு போனாலும் நிறுத்த மாட்டான். முதல் தடவை அவன் கண்ணைத் தேடிப் பார்த்தேன். அங்கே எனக்குத் தெரிந்த யாரும் இல்லை.

அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தப்படும். பெண்ணுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. பெண் கேட்டு வந்தவர்கள் வாசல்வரை வந்து, அப்பா யாரென்று தெரிந்ததும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளுக்குள் அரித்துப்போனார். ஒருநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாறியா?" என்று என்னையும் கூட்டிக்கொண்டு அம்பலக்காரர் வீட்டுக்குப் போனார்.

"ஐயா, எம் படப்பு எரிஞ்சதுக்குத்தான இம்புட்டும்? நான் சொல்றேன், போதும். இனி அவன யாரும் கத்தச் சொல்லக் கூடாதுன்னு ஊர்ல ஒரு வார்த்த சொல்லுங்க."

அம்பலக்காரருக்கு வயதாகியிருந்தது. நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே தண்டன முடிஞ்சு போச்சேப்பா. அதுக்குப் பெறகு ஊரு அவன ஒண்ணும் செய்யலயே. இப்ப அவனாத்தான கத்துறான்? அவனா கத்துறதுக்கு ஊரு என்ன செய்யும்?"

"ஊருதான கேக்குது?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லட்டும். வேணாம்னா கத்துவானா?"

நான் கேட்டேன். "அன்னைக்கு அவர் உழுது தாரேன்னு சொன்னாரு. அத ஊரு ஏத்திருந்தா?"

"அதப் பாக்க யாருத்தா வந்திருப்பா?" என்றார் அம்பலக்காரர். சொன்னபிறகு தான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டதுபோல் இருந்தது. பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அந்த வருஷமே ஓரகத்தி மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டாள். பஞ்சாலையில் வேலை. யாரென்று யாருக்கும் தெரியாத ஊர் வேண்டும் என்று நினைத்திருப்பாள். புறப்பட்ட அன்று சாவியைச் சுவர் மேல் வைத்துவிட்டு, "வாரேன்க்கா" என்றாள். அத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தை. போகிறவள் போறேன் என்று சொல்லக் கூடாதென்று அப்படிச் சொன்னாள். அவள் திரும்பி வர மாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கொழுந்தன் ஒரு மாசிப் பனியில் காய்ச்சல் கண்டு செத்தான். கடைசி நாட்களில் நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவிப் பார்ப்பான். ஆனால் கேட்க மாட்டான். அந்தக் கேள்வியை அவனிடமிருந்து ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது. பாடை கிளம்பியபோது பின்னால் வந்தவர்களில் எவனோ ஒருவன் கழுதைபோல மெல்லக் கத்தினான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கத் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். கொள்ளிச்சட்டி தூக்கி முன்னால் நடந்த என் மகன் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதா, கேட்காததுபோல் நடந்தானா, தெரியாது.

கோர்ட்டு, போலீசு, ஜெயில் என்று இப்போது சொல்கிறார்கள். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு தப்புக்கு விலை என்னவென்று தப்புச் செய்தவனே மந்தையில் சொன்னான். இழந்தவள் போதும் என்றாள். ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கழுதை வேண்டியிருந்தது, கிடைத்தது. தண்டனை அவர்களுக்காகத்தான் நடந்தது, எனக்காக இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு, எங்களுக்குக் கிழக்கே ஓர் ஊரில் ஒருவனைக் கழுதையில் ஏற்றப்போவதாகப் பேச்சு வந்தது. என் மகன் அப்போது மீசை வைத்த இளைஞன். காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்கடா போற?"

"பாக்கத்தான்மா. எல்லாரும் போறாங்க."

"உங்க சித்தப்பாவுக்குக் கொள்ளிச்சட்டி தூக்குன கைடா அது."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா? இவன் தப்புச் செஞ்சவன்தான? சும்மாவா ஏத்துவாங்க?" என்றான். அவன் முகத்தில் கெட்டது எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தான் சொல்லி எதுவும் நடக்காது என்று அவருக்குப் பழகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தான். வெயிலில் அலைந்த முகம், ஆனால் களை இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கூட்டம் எம்புட்டு என்று சொன்னான். கழுதை பாதி வழியில் மக்கர் செய்ததைச் சொன்னான். ஏறினவன் கீழே விழுந்து எழுந்ததை எழுந்து நின்று நடித்தே காட்டினான். அவன் பெண்டாட்டி கும்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்ததைச் சொன்னான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆளு என்னடா செஞ்சான்?" என்று கேட்டேன்.

கவளத்தை எடுத்த கை நின்றது. கொஞ்சம் யோசித்தான்.

"அதக் கேக்கலையே" என்றான். மோர் ஊற்றச் சொன்னான்.